டாணாவின் கழுத்துக் கயிறு

அன்றைக்கும் பஸ் ஏமாற்றிவிட்டது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக முக்கி முனகி மேலே ஏறி வருகிற அந்த ஒரே பஸ், அத்திக்கொல்லை புளியமரத்தடியில் நின்று, ரெண்டு சாக்கு மூட்டையையும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரையும் இறக்கிவிட்டது. அவ்வளவுதான். திரௌபதி ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டக்டருக்கே சங்கடமாகிவிட்டது.

"வர்லம்மா. வந்தா நானே கையப் புடிச்சு எறக்கி வுடமாட்டேனா? போ, போய் வேலயப் பாரு" என்றார்.

வேலையைப் பார்க்கிறதாம், வேலையை! வீட்டில் ஒரு நாய் சாகக் கிடக்கிறது. குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போன புருசன் துரைக்கண்ணு, மாசியில் திரும்பியிருக்க வேண்டியவன், பங்குனி பாதியாகியும் வந்து சேரவில்லை. இதில் எந்த வேலையைப் பார்க்கிறது? புளி அடித்துக் குவித்தது குவித்தபடி கிடந்தது. புளி ஓட்டை உடைக்கக்கூட அவளுக்குக் கை ஓடவில்லை.

மற்றவர்களுக்கு இது ரெண்டு கவலை. திரௌபதிக்கு ஒரே கவலை. அது எப்படி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்தார்கள்.

அத்திக்கொல்லையில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால், அந்த வீட்டு ஆள் ஒருவர் கத்தாழை நாரில் கயிறு திரித்து, அதன் கழுத்தில் கட்டி, "இந்த வாசல் உன்னுது" என்று சொல்ல வேண்டும். குட்டி வளர வளர அதே கைதான் கயிற்றைத் தளர்த்திக் கட்டிவிட வேண்டும். அப்புறம் நாய் கிழடாகி, போகிற காலம் வந்துவிட்டது என்று தெரிந்தால், கட்டின கையே கயிற்றை அவிழ்த்து, "போய்ட்டு வா" என்று சொல்ல வேண்டும். அவிழ்த்த பிறகு அந்த நாயைக் கூப்பிடக் கூடாது. அதற்கு எங்கே படுக்கப் பிடிக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அவிழ்க்காமல் விட்டால் மூச்சு போகாது, இழுத்துக்கொண்டே கிடக்கும். சரி, வேறு யாராவது அவிழ்த்தால்? கட்டினவன் உயிருக்கு ஆகாது. இதை யார் எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்கிற தைரியமும் ஒருத்தருக்கும் கிடையாது.

டாணாவுக்குக் கயிறு கட்டினது துரைக்கண்ணு. அந்த நாய் காக்கி நிறத்தில் இருந்ததால் குட்டியிலேயே டாணாக்காரன், அதாவது போலீஸ்காரன் என்று பேர் வைத்தான்; அது சுருங்கி டாணா ஆயிற்று. பேருக்கு ஏற்ற அதிகாரம்தான். ஒரு தடவை ஆலங்காயத்துப் புளி வியாபாரியை அவருடைய வண்டி மேலேயே ஏற்றி, பொழுது சாய்கிற வரைக்கும் இறங்கவிடாமல் உட்கார வைத்தது. சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் துரைக்கண்ணுவுக்கு முன்னால் டாணா போய்விடும். அதெல்லாம் ஒரு காலம். போன வருசமே, எமர்ஜென்சி முடிந்து எலெக்சன் நடந்ததே அப்போதே, அதற்குப் பின்னங்கால் ரெண்டும் தடுமாற ஆரம்பித்துவிட்டது. கொல்லைக்குக் கிளம்பினால் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, போகிறவனையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கார்த்திகையில் சாமை அறுத்து முடிந்ததும் ஊரில் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் குடகுக்குக் கிளம்பினார்கள். துரைக்கண்ணுவும் கிளம்பினான். அன்றைக்குக் காலையில் திரௌபதி உள்ளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே அவன் நாயிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வழக்கமாக நடக்கிறதுதானே என்று விட்டுவிட்டாள். பெண்டாட்டியிடம் பேசுகிறதைவிட நாயிடம் பேசுகிறதுதான் ஜாஸ்தி அந்த மனுசனுக்கு.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். டாணா படுத்திருந்தது. கழுத்து வெறும் கழுத்து. கயிறு வேலி முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

புருசன் ஊரைத் தாண்டவில்லை, அதற்குள் நாய்க்கயிறு கழன்று கிடக்கிறதே! வேலியில் நுழைந்து வரும்போது முள்ளில் மாட்டிக் கழன்றிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் சுற்றி, தாலிக்குப் போடுகிற மாதிரி மூன்று முடிச்சு போட்டு இறுக்கினாள். டாணா தலையை உதறியது. "சும்மா இர்ரா" என்று ஒரு அதட்டல் போட்டாள். அவர் திரித்த கயிறுதானே, நான் எடுத்து மாட்டினேன், அவ்வளவுதானே என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டாள். இதை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

மாசியில் போனவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். துரைக்கண்ணுவின் சித்தப்பா மகன் முனியனும் வந்து சேர்ந்தான். திரௌபதி அவன் வீட்டுக்கே ஓடினாள்.

"அண்ணன் எங்கடா?"

"அண்ணன் வேற தோட்டத்துக்குப் போய்ட்டாரு அண்ணி. நாங்க கெளம்பும்போது பாக்க முடியல. நல்லாத்தான் இருந்தாரு." முனியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "கொஞ்சம் இருமல். வேற ஒண்ணுமில்ல."

வேற ஒண்ணுமில்லையாம். சொல்கிறவனுக்கு அது ஒரு வார்த்தை. கேட்டவளுக்கு அந்த இருமல் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், காலையில் வைத்த களி நாயின் தட்டில் வைத்தபடியே இருந்தது. ஈ மொய்த்தது. அங்கே இருமல், இங்கே சோறு இறங்கவில்லை. திரௌபதி ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். டாணாவின் மூச்சு நிற்காத வரைக்கும் அந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகாது. அவர் வந்து இறங்குகிற வரைக்கும் இதை எப்படியாவது பிடித்து நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அவர் பாடு, அவர் நாய் பாடு.

அதிலிருந்து அவள் பண்ணாத வைத்தியம் இல்லை. முட்டையை உடைத்து ஊற்றினாள். ஆட்டுப்பால் வாங்கி வந்தாள். பின்னங்காலுக்கு வேப்பெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்தாள். படுத்துப் படுத்து இடுப்பில் புண் வைத்தது, அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். காலையில் எழுந்ததும் முதல் காரியம், நாயின் விலாவைப் பார்ப்பது. அது ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கினால் அவளுக்கும் மூச்சு வரும். "பெத்த புள்ளயக் கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று தண்ணிக்குப் போகிற இடத்தில் பெண்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதல் அவளுக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம்.

ஒருநாள் நாய் வாயையே திறக்கவில்லை. திரௌபதி மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மூங்கில் குழாயை எடுத்து வந்தாள். நாயின் தலையைத் தொடையில் வைத்து, பல்லை விலக்கி, கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி மூக்கு வழியாக வந்தது. டாணா கண்ணை மூடிக்கொண்டு இருமியது. துரைக்கண்ணுவின் அண்ணன் பெண்டாட்டி பச்சையம்மா முறத்தோடு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி! இன்னாடி பண்ற?"

"சாப்புட மாட்டேங்குதுக்கா."

"சாப்புட மாட்டேன்னு அது சொல்லுது. உனக்குத்தான் காது கேக்கல."

"அவரு வரட்டும்க்கா. அவரு வந்து அவுத்து வுடட்டும்."

"அவன் எப்போ வருவானோ! அதுவரைக்கும் இந்த வாயில்லா சீவன் இன்னா பாவம் பண்ணுச்சு?"

திரௌபதிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. குழாயைக் கீழே போட்டாள். "நான் அவுத்து, அங்க அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீ வந்து பதில் சொல்வியாக்கா? உன் புருசன் வூட்டுல குந்திக்கினு வெத்தல போடறாரு. நீ பேசுவ!"

பச்சையம்மாவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினவள் வேலியருகே நின்று, குரலைத் தணித்து ஒன்று சொன்னாள்.

"சரிடி, அவுக்க வேணாம். ஆனா இந்தக் கஞ்சிய நீ நாய்க்கு ஊத்தலன்னு ஒத்துக்கோ."

அன்றைக்கு முழுக்க அந்தச் சொல் திரௌபதியை விடவில்லை. களி கிண்டும்போதும் கூடவே நின்றது.

மறுநாள் காலையில் அதிசயமாக டாணா எழுந்தது. எழுந்தது என்ன, முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. திரௌபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எஜமான் வருகிறது நாய்க்குத்தானே முதலில் தெரியும்! "வர்றாரு, வர்றாரு" என்று கத்திக்கொண்டே, தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ் வந்தது. கண்டக்டர் கையை விரித்தார்.

திரும்பி வந்தால் நாயைக் காணோம். மண்ணில் அது இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும் கிடந்தது. தடம் பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை. நேர் எதிர்ப்பக்கம், ஓடைக்கு இறங்குகிற சரிவில் போயிருந்தது. ஓடைக்கரைப் புங்கமரத்து நிழலில் டாணா படுத்திருந்தது. "இங்க இன்னாடா வேல உனக்கு?" என்று அதட்டி, அள்ளித் தூக்கிக்கொண்டு வந்தாள். எவ்வளவு பெரிய நாய், கைக்குக் கனமே இல்லை. அடுத்த நாளும் அது போயிற்று. அதே சரிவு, அதே மரம். மறுபடியும் தூக்கிவந்தாள். அதற்கு அடுத்த நாள் வேறு வழி தெரியாமல் மாட்டுக் கயிற்றை அதன் கழுத்துக் கயிற்றோடு சேர்த்து முடிந்து, பந்தல் காலில் கட்டிவிட்டுப் புளி உலுக்கப் போனாள்.

போனாளே தவிர நிலைகொள்ளவில்லை. கிளையில் கழியை மாட்டிவிட்டு வீட்டுப் பக்கமே பார்த்தாள். வெயில் ஏறுவதற்குள் கழியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கட்டின கயிறு விறைப்பாக நின்றது. அதன் முனையில், ஓடை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு, டாணா கிடந்தது. முன்னங்காலுக்குக் கீழே மண் குழிந்திருந்தது. எவ்வளவு நேரம் இழுத்ததோ! கத்தாழைக் கயிறு கழுத்தை அறுத்து, காக்கி மயிரெல்லாம் ரத்தம். ஒரு முனகல் இல்லை. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்து, வாலை ஆட்டியது.

அந்த வால் ஆட்டியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அய்யோ டாணா, அய்யோ என் சாமி" என்று அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பச்சையம்மா சொன்னது சரிதான். இத்தனை நாளும் அவள் இந்த நாய்க்கு ஒரு வாய்கூட ஊற்றவில்லை. எங்கேயோ இருக்கிற மனுசனுக்குத்தான் ஊற்றினாள், இதை வெறும் குழாயாக வைத்துக்கொண்டு. அது எஜமானைத் தேடியும் போகவில்லை. விட்டுவிடு, நான் போகிறேன் என்றுதான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பயம் போய்விட்டதா? எங்கே போகும்! குடகு எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. சூரியன் விழுகிற பக்கம்தான் என்று முனியன் எப்போதோ சொன்ன ஞாபகம். அந்தப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, அவரு மேல போடாத. அவுக்கறது என் கை. போடறதா இருந்தா என் தலையில போடு."

மூன்று முடிச்சும் ரத்தத்திலும் வியர்வையிலும் ஊறி இறுகியிருந்தது. கத்தி வைக்கக் கூடாது, கையால்தான் அவிழ்க்க வேண்டும். நகம் பிய்ந்தது. கடைசி முடிச்சைக் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். நாயின் மூச்சு அவள் கன்னத்தில் சூடாகப் பட்டது. கயிறு கையோடு வந்துவிட்டது.

"போய்ட்டு வா, ராசா" என்றாள். மறுபடியும் சொன்னாள். "போய்ட்டு வா."

டாணா அவள் கையை ஒரு தடவை நக்கிவிட்டு, சரிவில் இழுத்துக்கொண்டு இறங்கியது. அவள் கூப்பிடவில்லை. தூக்கி உதவலாமா என்று கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். கொஞ்சம் எட்டத்தில் பின்னாலேயே போய், ஓடைக்கல் மேல் உட்கார்ந்துகொண்டாள். அது புங்கமரத்தடியில் ஒரு சுற்றுச் சுற்ற முயன்று, முடியாமல், அப்படியே சாய்ந்து படுத்தது. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நிழல் கிழக்கே நீளுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சண்டை இல்லை, இழுப்பு இல்லை.

பச்சையம்மா கடப்பாரையோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் குழி வெட்டினாள். அவிழ்த்த கயிற்றை ஓடையில் விட வேண்டியதும் வழக்கப்படி கட்டினவன் வேலை. அதையும் பறித்துக்கொள்ள திரௌபதிக்கு மனசு வரவில்லை. கூரை இறவாணத்தில் செருகி வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். நாய் இருந்தபோது விலாவைப் பார்த்தாவது தைரியம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது எதைப் பார்க்கிறது? இறவாணத்தில் அந்தக் கயிறு. அவ்வளவுதான். காக்கா கத்தினால் பதறினாள். யாராவது வேகமாக நடந்து வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முனியன் வீட்டுப் பக்கம் வந்தபோது, "இன்னாடா சேதி, சொல்லித் தொலடா" என்று கத்தி, கோழிக்குஞ்சு கேட்க வந்தவனைத் துரத்தியே விட்டாள். பஸ் வருகிற நேரத்துக்குக் கால் போகிறேன் என்கிறது, மனசு வேண்டாம் என்கிறது. இறங்காவிட்டால் என்ன செய்வாள்? அதைவிட, வேறு யாராவது இறங்கி, அவளைத் தேடி வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றால்?

அப்படியே ஆயிற்று. ஒருநாள் பஸ் நின்றதும், எப்போதும் படியிலேயே நிற்கிற கண்டக்டர், கீழே இறங்கி நேராக அவளைப் பார்த்து வந்தார். திரௌபதி புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாம்மா, உன் வூட்டுக்காரரு. ஒரு மூட்ட மொளகோட வந்து வழியெல்லாம் தும்ம வெச்சுட்டாரு. புடிச்சிக்கோ" என்றார் கண்டக்டர்.

துரைக்கண்ணு மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான். ஒரு சுற்று பெருத்திருந்தான். கழுத்தில் ஒரு புது மப்ளர் வேறு. காப்பி முடிந்ததும் மிளகையும் பறித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று மேஸ்திரி பிடித்து வைத்துக்கொண்டாராம். யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே? தோணலையாம்.

திரௌபதி அவன் கையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவுத்துட்டேங்க. டாணா கயித்த நானே அவுத்துட்டேன். உங்களுக்கு இன்னா ஆச்சோ, ஏது ஆச்சோன்னு... என்னால அதுபட்ட பாட்டப் பாக்க முடியலீங்க. என்னக் கொன்னு போட்டாலும் சரி."

துரைக்கண்ணு முழித்தான். "எந்தக் கயித்த?"

"டாணா கயித்ததான்!"

"அத நான் போறன்னிக்கே அவுத்துட்டேனே. இனிமே நான் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு தெரிஞ்சுச்சு. போய்ட்டு வான்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். ஓடைக்குப் போக நேரமில்ல, பஸ்ஸு வந்துடும்னு வேலியில மாட்டி வெச்சேன். நீ பாத்துப் புரிஞ்சிக்கினு ஓடையில வுட்டுடுவன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா அழுவ. நீ அழுது வழியனுப்புனா எனக்குக் கால் எழாது."

திரௌபதி வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தாள். வேலி முள், தொங்கின கயிறு, அவள் போட்ட மூன்று முடிச்சு. டாணா தலையை உதறியதும், தான் அதட்டியதும். எல்லாம் வரிசையாக வந்து கண் முன்னால் நின்றது. கட்டினவன் கார்த்திகையிலேயே விடை கொடுத்துவிட்டான். மார்கழி, தை, மாசி, பங்குனி என்று பிடித்து வைத்திருந்தது அவள் முடிச்சு. அதை அவிழ்க்க அவளுக்கு யார் தயவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

துரைக்கண்ணு பயந்துபோய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இன்னா திரௌபதி? நான் மாட்டி வெச்ச கயித்தயா சொல்ற? நீ திரும்பக் கட்டுனியா?"

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவனை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள்.

"யோவ், அது என்னத்தான்யா பாத்துக்கினு கெடந்துது. நான் பஸ்ஸப் பாத்துக்கினு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் இறவாணத்துக் கயிற்றை எடுக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தனியாக ஓடைக்கு இறங்கினாள்.